பள்ளி மாணவரும் வண்டிச் சாவியும்

பேருந்து நேரத்திற்கு வராத சிற்றூர்களில், மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் இருசக்கர வண்டியின் சாவியைத் தருவது தருமபுரி மாவட்டத்தில் அரிதன்று. தெரிந்த பாதைதானே என்பர் பெற்றோர். அப்பாதை சில ஊர்களில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து செல்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். 16 வயது நிறைந்தோர் உரிமம் பெற்று, கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம். நம் வீடுகளில் உள்ள ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை, அவற்றுக்கு இவ்விலக்கு பொருந்தாது. சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

சட்டத்தைக் காட்டிலும், உடன் பயிலும் தோழனின் சொல்லே அவ்வயதில் செவியில் ஏறும். ஆதலால் மாணவர்களே சாலைப் பாதுகாப்புப் பணியை முன்னெடுப்பது நன்று. புதுக்கருவி செய்ய விரும்புவோருக்கு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டம் உண்டு. பள்ளி பரிந்துரைத்த கருத்து தேர்வானால், மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கிற்கே வரும். தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.

தலைக்கவசம் அணிந்தாலன்றி இயங்காத வண்டி, அறிவியல் கண்காட்சிகளில் பலமுறை கண்ட மாதிரியே. அதனினும் எளிய பணியொன்று உண்டு. அதற்குப் பணமும் வேண்டியதில்லை. ஒரு வாரம் பள்ளி வாயிலில் நின்று, வண்டியில் வரும் மாணவர் எத்தனை பேர், மூவராய் வருவோர் எத்தனை பேர், தலைக்கவசம் அணிந்தோர் எத்தனை பேர் என்று எண்ணி, பெயர் குறிக்காமல் கரும்பலகையில் எழுதலாம். ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணலாம். எந்த ஊரிலிருந்து வண்டிகள் மிகுதியாக வருகின்றன என்பதும் அப்போது தெரியவரும். அவ்வூருக்குக் காலையில் பேருந்து வேண்டுமென, அக்கணக்கையே சான்றாக இணைத்து, மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் மனு அளிக்கலாம். உண்மையில் பல வீடுகளில் சாவியைக் கொடுக்கச் செய்வது பிள்ளையின் பிடிவாதமன்று, வராத பேருந்தே.

அதுவரை, 11ஆம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி இருக்கிறது. பெரியவர் ஓட்டும் வண்டியின் பின்னிருக்கையில் அமரும் பிள்ளைக்கும் தலைக்கவசம் கட்டாயம். வார்ப்பட்டையைத் தாடையின்கீழ் இறுக மாட்டாவிடில், விழும்போது கவசம் தலையில் நிற்காது. தலைக்காயத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியோர், மிதிவண்டியாயினும், மருத்துவரைக் கேட்ட பின்னரே ஓட்டுதல் வேண்டும்.