ஒரு கை மட்டும் வீசவில்லையா?

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நடந்துபோகும் பெரியவர்களைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கைகள் இரண்டும் நடைக்கேற்ப வீசும். எவராவது ஒருவருக்கு வலக்கை வீசும். இடக்கையோ லேசாக மடங்கி விலாவோடு ஒட்டியிருக்கும். இடது செருப்பு தரையை உரசும். வீட்டில் கேட்டால் "வயசாயிடுச்சு இல்ல" என்பார்கள். தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்தே ஒரு வருடம் போயிருக்கும். எனக்கு அந்த ஒரு வருடத்தை நினைத்துத்தான் கவலை.

மூளைக்குள் நடப்பது

நடுமூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருவது பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்ற இதன் தமிழ்ப் பெயரைக் கேட்டு நடுக்கத்தையே தேடுகிறோம். நடுக்கமே இல்லாமலும் இது வரும். அழிவு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முந்திக்கொள்ளும். வலது மூளை முந்தினால் இடது கைகால் பின்தங்கும். நடை கோணலாவது இதனால்தான்.

மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நொடிக்கு 13 முதல் 30 முறை துடிக்கும் 'பீட்டா' அலைகள் அங்கே அளவுமீறி ஓங்கியிருந்தன. கை கால் அசைய வேண்டுமானால் இந்த அலை தணிய வேண்டும். இந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை அதைத் தணிக்கிறது. அந்த லெவோடோபாவை நம் வேலியோரப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிரித்தெடுத்தார்கள். அதற்காக விதையை அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அளவு தெரியாத மருந்து ஆபத்து.

நாம் யோசித்து நடப்பதில்லை, கால் தானாகப் போகிறது. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு அந்தத் 'தானாக' போய்விடுகிறது. மூளையின் முன்பகுதி ஒவ்வொரு அடியையும் கவனித்து நடத்த வேண்டியிருக்கிறது. அதனால் சாலையைக் கடக்கும்போது அப்பாவிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

வாசப்படியில் ஒட்டிக்கொள்ளும் கால்

நோய் முற்றும்போது வாசப்படியிலோ திரும்பும் இடத்திலோ கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். கையைப் பிடித்து இழுத்தால் விழுவார். தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றாகத் தாண்டச் சொல்லுங்கள். அல்லது "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் போடுங்கள். கண்ணும் காதும் வேறு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்ப, பலருக்குக் கால் கிளம்பிவிடுகிறது.

டாக்டரிடம் போகும்போது

நேற்றுவரை நன்றாக நடந்தவர் இன்று திடீரென்று காலை இழுத்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. மாதக்கணக்கில் மெதுவாக வந்த கோணல் என்றால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழுப்புரம் பக்கத்தாருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் தூரமில்லை. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின் போன்றவை நாள்பட்டால் இதே தளர்ச்சியை உண்டாக்கும். அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும் என்பதால், எந்தப் பக்கம் முதலில் தளர்ந்தது என்று சொல்வது மருத்துவருக்கு உதவும். லெவோடோபா மாத்திரை ஆரம்பித்தபின் நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட்டுக்கொண்டால் நன்றாகப் பிடிக்கும்.

இன்னொன்று. டாக்டர் பார்க்கிறார் என்றதும் பெரியவர் கவனமாக, ஒழுங்காக நடந்துகாட்டிவிடுவார். முந்தின நாளே அவர் தெருவில் தன்போக்கில் நடப்பதைச் செல்போனில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று.