சீட்டில் எழுதாத சரக்கு

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிளம்பிய யூபிஎஸ் சரக்கு விமானத்தில், 22ஆவது நிமிடம் தீ எச்சரிக்கை ஒலித்தது. அடுத்த அரை மணி நேரத்துக்குள் விமானம் விழுந்து நொறுங்க, விமானிகள் இருவரும் இறந்தார்கள். விமானி அறையில் சூழ்ந்த புகையில் கண்ணெதிரே இருந்த கருவிகளே அவர்களுக்குத் தெரியவில்லை. லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில்தான் தீ பற்றியிருக்கக்கூடும் என்றது விசாரணை அறிக்கை. அதைவிட உறுத்துவது இன்னொரு தகவல். 9ஆம் வகுப்பு அபாயப் பொருள் என்று அறிவித்திருக்க வேண்டிய பேட்டரிச் சரக்குகள் குறைந்தது மூன்று, அப்படி அறிவிக்கப்படாமலே ஏற்றப்பட்டிருந்தன.

பேட்டரி அனுப்பும் விதிகளில் முதுகெலும்பு, அனுப்புகிறவரின் வாய்மைதான் என்பேன். லித்தியம் அயான் பேட்டரியில் ஒரு செல் கட்டுக்கடங்காமல் சூடேறினால் அந்தச் சூடே பக்கத்துச் செல்லையும் கிளப்பிவிடும். சரக்கறையில் பாய்ச்சும் ஹேலான் வாயு சுவாலையை அடக்கும், இந்தச் சங்கிலியை அறுக்காது. ஆகவே செய்யவேண்டியதெல்லாம் ஏற்றுவதற்கு முன்புதான். அதிர்வு, வெப்பம், ஷார்ட் சர்க்யூட் முதலிய ஐ.நா. சோதனைகளில் பேட்டரி தேறியிருக்க வேண்டும். முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி மூடியிருக்க வேண்டும். 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பும் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சார்ஜ் குறைந்தால் தீயின் வீரியமும் குறையும். ஆனால் பெட்டியின் மேல் 'பொம்மை' என்று எழுதிவிட்டால் இத்தனை விதியும் வீண்.

பயணிகள் பவர் பேங்கைக் கையோடு கொண்டுபோகிறார்களே என்று கேட்கலாம். கேபினில் புகை வந்தால் பார்க்க ஆள் உண்டு, ஊற்றத் தண்ணீர் உண்டு. சரக்கறையில் யார் இருக்கிறார்கள்? விதிகள் சிக்கலானவை, சிறு வியாபாரிகளை மறைக்கத் தூண்டுபவை என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. ஒரே பேட்டரி தனியாகப் போனால் 3480, கருவியோடு போனால் 3481 என்று ஐ.நா. அடையாள எண்ணே மாறுவது யாரையும் குழப்பும். படிவத்தை எளிதாக்கட்டும், தவறில்லை. அறிவிப்பை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. கூரியர் கவுண்டரில் பார்சலை நீட்டும்போது, கேட்காவிட்டாலும் உள்ளே பேட்டரி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். உப்பியதோ சேதமானதோ என்றால் அதை விமானத்தில் அனுப்பவே அனுமதி இல்லை.