உஷார்! சித்தப்பா அனுப்பிய கல்யாணப் பத்திரிகை

முகூர்த்த மாதம் பிறந்தால் வாட்ஸ்அப்பில் பத்திரிகைகள் வரிசை கட்டும். அதில் ஒன்று உங்கள் பேங்க் கணக்கைத் துடைத்துவிட்டுப் போக வந்ததாக இருக்கலாம்.

போன மாதம் எனக்கே வந்தது, சித்தப்பா நம்பரிலிருந்து. பிள்ளையார் படம் இல்லை, பெண் மாப்பிள்ளை பெயர் இல்லை. 'வெட்டிங் இன்விடேஷன்' என்று ஒரு ஃபைல், அதன் வாலில் 'ஏபிகே'. அவர் வீட்டில் கல்யாண வயதில் யாருமில்லையே என்று போன் போட்டேன். "காலையிலேர்ந்து இருபது பேர் கேட்டாச்சுப்பா, யாருக்குக் கல்யாணம்னு. நான் அனுப்பவே இல்ல!" என்றார். முந்தின ராத்திரி நண்பர் பெயரில் வந்த இதே பத்திரிகையைத் திறந்திருக்கிறார். வெளியே சொல்ல வெட்கப்பட்டு மதியம்வரை வாயை மூடிக்கொண்டிருந்தார். அதற்குள் பென்ஷன் கணக்கில் இரண்டு முறை கை வைத்துவிட்டார்கள்.

பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாகக்கூட வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு செயலி. தொட்டதும் 'தெரியாத செயலியை நிறுவலாமா?' என்று போன் எச்சரிக்கத்தான் செய்கிறது. பத்திரிகை பார்க்கும் அவசரத்தில் நாம்தான் 'அலோ' கொடுக்கிறோம். அடுத்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கல்யாணப் பத்திரிகைக்கு எதற்கய்யா எஸ்எம்எஸ்? ஓடிபி அங்கேதானே வருகிறது! அது அப்படியே திருடனுக்கும் போய்விடும். 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். இங்கே நீங்கள் வாயையே திறக்க வேண்டாம். ஆர்டிஓ சலான் என்று வரும் ஏபிகேயும் இதே ரகம்தான்.

தந்திரம் பழசு. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதமாக இமெயிலில் வந்தது. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போலத் தெரியும். 'விபிஎஸ்' என்ற நிஜ வாலை விண்டோஸ் மறைத்துவிடும். திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் பெயரிலேயே கடிதம் போனது. தெரிந்தவர் அனுப்பியது என்று அவர்களும் திறந்தார்கள். எழுதிய ஆளைத் தண்டிக்க அன்றைக்கு பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை, விட்டுவிட்டார்கள்! அப்போது அழிந்தது ஃபோட்டோக்கள். இப்போது போவது பணம்.

தொட்டுத் தொலைத்துவிட்டீர்களா? போனை உடனே ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். திருட்டுப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவி வெளியேறுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு நிமிஷமும் காசு. பேங்குக்கும் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் கவனக்குறைவால் போனதாக இருந்தாலும், புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. சித்தப்பா மதியம்வரை காத்திருந்தது எவ்வளவு பெரிய தப்பு, பாருங்கள். அந்தப் போனை பிறகு முழுசாக ரீசெட் செய்ய வேண்டியதாயிற்று.

இப்போதே செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். வாட்ஸ்அப்புக்கு நேரே 'அலோ' என்றிருந்தால் அணைத்துவிடுங்கள். அப்படியே அம்மா, அப்பா போனையும் வாங்கிப் பாருங்கள். அடுத்த முகூர்த்தம் வருவதற்குள்.