காமன் பொட்டலில் ஒத்திகை இரவுகள்

கூத்து என்றதும் அரங்கேற்றத்தைத்தான் நாம் எண்ணிக்கொள்கிறோம். இன்று அரங்கேற்றத்துக்கு முந்திய இரவுகளைப் பற்றிச் சில வார்த்தைகள்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் ஊவாத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ஊன்றிய இடம் காமன் பொட்டல். பௌர்ணமி இரவில், சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிகிறான். இடையிலுள்ள 12, 13 நாட்கள்தாம் கூத்துக்காரனுக்குக் கிடைக்கும் அவகாசம்.

பதுளை - செங்கலடி வீதியால் இறங்கினால் மட்டக்களப்பு. அங்கே கூத்துப் பழக மாதக்கணக்காகும். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகத் தேறியே களரி ஏறுவார்கள். நம் தோட்டத்துக் கூத்துக்காரனுக்கு அந்த வசதி ஏது? பகலெல்லாம் மலையில் கவ்வாத்து வெட்டியவன் அவன். விடிந்தால் பிரட்டுக்குப் போயாக வேண்டும். இடையில் அகப்படும் இரண்டு மூன்று மணி நேரத்தில் வாத்தியார் சொல்லிக் கொடுப்பதைப் பிடித்துக்கொள்கிறான். பாட்டுக் கொப்பியோ கைக்குக் கை பெயர்த்தெழுதியது. ஒவ்வொரு பெயர்ப்பிலும் ஓரிரு அடிகள் தவறியிருக்கும். தப்பைத் தீயில் காய்ச்சி எடுத்தால், நமுனுகுலைப் பனியில் தோல் மறுபடி தளர்ந்துவிடுகிறது. திரும்பவும் காய்ச்ச வேண்டும்.

ஆகவே பௌர்ணமி இரவின் ஆட்டம் பிசகில்லாமல் நடப்பதில்லை. பசறைக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில், "போகாதீர்" என்று மன்மதனைத் தடுத்துப் பாடிக்கொண்டிருந்த ரதி (வேஷம் கட்டியவர் நாற்பது வயது ஆண்) நடுவில் அடியை மறந்து நின்றார். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவி அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். தொடர்ந்து பெண்கள் நாலைந்து பேர் பாடினார்கள். இவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? எவரும் இல்லை. வருடா வருடம் ஒத்திகைகளைக் கேட்டுக் கேட்டுப் பாடமானது. லயத்துப் பிள்ளைகள் தகர டின்னைத் தட்டி அடி பழகியதும் அதே பொட்டலின் ஓரத்தில்தான். நல்ல கூத்து பார்க்க விரும்புபவர் வேறெங்காவது போகலாம். கூத்து எப்படி ஒரு சனத்தின் நாவில் தங்குகிறது என்று அறிய விரும்புபவர் இங்கே வரவேண்டும்.

இந்த ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்ற வேண்டும் என்பார் உண்டு. செய்யட்டும், தடையில்லை. ஆனால் தேர்ந்த நடிகர் பத்துப் பேரைக் கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டால், அடி எடுத்துக் கொடுக்கும் கிழவிக்கு அங்கு இடமில்லை. என் கவலை வேறு. தப்படிப்பதைச் சாதியோடு முடிச்சுப் போட்டு இழிவாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. அதற்கு அஞ்சி, கைத்தாளம் நன்றாக வரும் பையன்கள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன இளைஞர் மாசியில் திரும்புவதும் நிச்சயமில்லை. பௌர்ணமி ஒரு இரவுக்கு மட்டும் வந்து நிற்பவருக்குக் கூத்து படியாது.

போயா விடுமுறை என்பதால் அந்த இரவு முழுவதும் ஆடலாம். மறுநாள் பிரட்டில் வாத்தியாரும் நின்றார். காதோரத்து அரிதாரம் சரியாகக் கழுவுப்படவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், ரதி விட்ட அடி எது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.