ஊமை எழுத்துக்கள்

ஆங்கில மொழியைக் கற்கப் புகும் மாணாக்கர் முதற்கண் மலைப்பது அதன் எழுத்துக்கூட்டலைக் கண்டேயாம். 'ஓ, யூ, ஜீ, எச்' என்னும் நான்கெழுத்துக்களும் அதே வரிசையில் நின்று, 'ஆயினும்' எனப் பொருள்படுஞ் சொல்லில் ஓகாரமாகவும், 'ஊடாக' எனப் பொருள்படுஞ் சொல்லில் ஊகாரமாகவும், மரக்கிளையைக் குறிக்குஞ் சொல்லில் ஔகாரமாகவும் ஒலிக்கும். இது பித்தர் செயலோவென ஐயுறுவாரும் உளர். அன்று, இது வரலாற்றின் செயல்.

குதிரைவீரனைக் குறிக்கும் 'நைற்' என்னுஞ் சொல்லின் முதலில் 'கே' என்னும் எழுத்து ஊமையாய் நிற்கின்றது. இடையில் 'ஜீ, எச்' என்பனவும் அவ்வாறே. சோசர் என்னும் புலவர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் இவையாவும் ஒலிக்கப்பட்டன. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு, எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல நிலைபெறச் செய்தது. உச்சரிப்போ மாறிக்கொண்டே சென்றது. நா முன்னே நடந்தது. எழுத்துப் பின்னே தங்கிற்று.

வேறு சில, கற்றோர் செய்த வினை. கடனைக் குறிக்கும் 'டெற்' என்னுஞ் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தபோது அதில் 'பீ' இருந்ததில்லை. இலத்தீன் மூலத்தை நினைவூட்ட விரும்பிய புலமையாளர் அதனைப் புகுத்தினர். தீவைக் குறிக்கும் 'ஐலன்ட்' பழைய ஆங்கிலச் சொல். இலத்தீன் வழிவந்த பிறிதொரு சொல்லோடு அதனை உறவுடையதெனப் பிழைபடக் கருதியமையால், 'எஸ்' வந்து ஒட்டிக்கொண்டது.

இக்குறையைக் களைய முயன்றோர் பலர். 1950இற் காலமான நாடகாசிரியர் பேர்னாட் ஷா, புதிய நெடுங்கணக்கொன்றை ஆக்குதற்குத் தம் மரணசாசனத்திற் பொருள் ஒதுக்கினார். 1962இல் அவரது நாடகமொன்று அவ்வெழுத்தில் அச்சேறிற்று. எனினும், அது வழக்கில் வரவில்லை. ஸ்கொத்லாந்தினரும் இலண்டன் மாநகரினரும் அமெரிக்கரும் ஒரே சொல்லை வெவ்வேறாக ஒலிக்கின்றனர். ஒலித்தவாறே எழுதப் புகின், ஒருவர் நூலை மற்றவர் படித்தல் அரிதாகும்.

இது நமக்கும் புதிதன்று. யாழ்ப்பாணத்தார் 'வந்திட்டன்' என்பர். மதுரையார் 'வந்துட்டேன்' என்பர். இருவரும் 'வந்துவிட்டேன்' என்றே எழுதுவர். பேச்சுப் பிரிப்பினும் எழுத்து இணைக்கின்றது.

ஆதலின், எழுத்துக்கூட்டலிற் பிழைபடும் இளைஞனை மூடனென முனிதல் தகாது. அச்சொல்லின் வரலாற்றை அவனுக்கு எடுத்துரைப்போமாயின், வெறுத்த எழுத்தையே அவன் விரும்பி நினைவிற் கொள்வான்.