நிறம் பார்த்த கதை – 9: டப்பாக் கறுப்பு

கறுப்பைக் கண்டதும் ‘துக்கம்’ என்று எழுதிவிடுவது சுலபம். நானும் எழுதியிருக்கிறேன். 1940களின் இறுதியில் நியூயார்க் ஓவியர்கள் கறுப்பின் பக்கம் போனதற்குக் காசும் ஒரு காரணம் என்று தெரிந்தபின் அந்தப் பழக்கம் விட்டுப்போனது.

வில்லெம் டி கூனிங்கின் முதல் தனிக் கண்காட்சி 1948இல் ஈகன் காலரியில் நடந்தது. நாற்பதைத் தாண்டியிருந்தார், கையில் பணமில்லை. ஓவியர்களுக்கென்று டியூபில் விற்கும் எண்ணெய் வண்ணம் கட்டுப்படியாகாது. கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட் மலிவு. அதில் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் அங்கே பேசப்பட்டன.

அவருடைய நண்பர் ஃபிரான்ஸ் கிளைன் 1910இல் பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் பிறந்தவர். ‘சீஃப்’ என்ற அவரது 1950ஆம் வருடப் படத்துக்கு, சிறுவயதில் பார்த்த ரயிலின் பெயர். கரி, ரயில், கறுப்பு: கட்டுரை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கிளைன் பெரும்பாலும் படத்தை முடித்த பிறகே பெயர் வைப்பார்.

டி கூனிங்கின் ஸ்டுடியோவில் ஒருநாள் கிளைன், தான் வரைந்த நாற்காலிச் சித்திரம் ஒன்றை புரொஜெக்டரில் பெரிதாக்கிப் பார்த்தார், கோடுகள் சுவரளவு விரிந்ததும் நாற்காலி காணாமல் போனது, அன்றோடு பாணியும் மாறியது என்பார் டி கூனிங்கின் மனைவி எலைன். இதில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சந்தேகிக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, ஒரே நாளில் வந்த மாற்றமாகத் தெரியவில்லை. டெலிபோன் டைரக்டரித் தாள்களில் அவர் போட்டுப் பார்த்த ஒத்திகைகள் ஏராளம்.

வெள்ளைத் துணியில் கறுப்பை இழுத்துவிட்டார் என்று சொன்னால் கிளைனுக்குப் பிடிக்காது. வெள்ளையையும் அவர் தீட்டினார். விளிம்புகளில் கண்ணை வைத்தால் தெரியும்: கறுப்பின் மேல் வெள்ளை ஏறி அதை வெட்டியிருக்கும், அதன் மேல் மறுபடி கறுப்பு. ஜப்பானியத் தூரிகை எழுத்தோடு ஒப்பிட்டவர்களிடமும், தான் எழுதவில்லை என்றே சொன்னார். அந்தக் கறுப்பிலேயே ஓரிடம் பளபளக்கும், ஓரிடம் மங்கிக் கிடக்கும். அச்சில் இரண்டும் ஒரே மை.

பளபளப்பே கூடாது என்றவர் ஆட் ரெயின்ஹார்ட். அவரை இந்தக் கூட்டத்தோடு சேர்த்தால் சண்டைக்கு வந்திருப்பார். அவர்களைக் கேலி செய்தே எழுதியவர். 1960 முதல் அவர் தீட்டிய கறுப்புப் படங்கள் எல்லாம் ஐந்தடிச் சதுரம். டர்பன்டைன் கலந்து வைத்து, வண்ணம் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் எண்ணெயை வடித்துவிடுவார். மிச்சம் இருப்பது வெல்வெட் போன்ற கறுப்பு. முதலில் ஒன்றும் தெரியாது. சில நிமிடம் நின்றால் சிவப்பு, நீலம், பச்சை லேசாக ஊறிய ஒன்பது கட்டங்கள் எழும்பும். இருட்டறைக்குள் போனவனுக்குக் கண் பழகுகிற மாதிரி.

எண்ணெய் இல்லாத மேற்பரப்பில் விரல் பட்டால் தடம் நின்றுவிடும். வார்னிஷ் அடித்தால் படமே போய்விடும். சேதமான படங்கள் திரும்பி வந்தால் ரெயின்ஹார்ட் தானே மறுபடி பூசிக் கொடுப்பார். 1967இல், 53 வயதில், அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு விழுந்த தடங்களுக்கு அப்படிப் பூசித்தர ஆளில்லை.

(தொடரும்)