ஓடும்போது மயங்கி விழும் குழந்தை: வலிப்பு என்று விட்டுடாதீங்க!

இதயத் துடிப்பு தாறுமாறாவது வயசானவங்களுக்கு வர்ற நோய் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பச்சைக் குழந்தைக்கும் வரும். ஆனால் காரணமும் வேறு, அறிகுறியும் வேறு.

எது சாதாரணம்?

பெரியவர்களுக்கு இதயம் நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். பிறந்த குழந்தைக்கு 100 முதல் 160 வரை இருக்கும். மூச்சை இழுக்கும்போது வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிப்பது பிள்ளைகளிடம் சகஜம். பயப்பட வேண்டாம்.

என்ன வித்தியாசம்?

இதயம் துடிப்பதே அதற்குள் உண்டாகும் லேசான மின்சாரத்தால்தான். பெரியவர்களுக்கு வயது, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு போன்றவற்றால் இதயம் பழுதாகி, துடிப்பு கெடுகிறது. குழந்தைகளுக்கோ பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. மின்சாரம் போக கூடுதலாக ஒரு பாதை சிலருக்கு இருக்கும். அதில் மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடினால், கைக்குழந்தையின் துடிப்பு திடீரென்று 220-க்கு மேல் எகிறிவிடும்.

பெரியவர் என்றால் 'நெஞ்சு படபடங்குது' என்று சொல்லிவிடுவார். கைக்குழந்தை என்ன செய்யும்? பால் குடிக்காது. சிணுங்கும். உடம்பு வெளிறும், வியர்க்கும், மூச்சு வாங்கும். இப்படி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். மணிக்கணக்கில் நீடித்தால் இதயம் களைத்துவிடும்.

ஊசி, மருந்தில் துடிப்பை அடக்கலாம். பல குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் இந்தத் தொல்லை நின்றுவிடும். வளர்ந்த பிள்ளைகளுக்கு தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, அந்தக் கூடுதல் பாதையைச் சுட்டு அடைத்துவிடுகிறார்கள். நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை.

இரும்புச் சாவி உதவாது

இன்னொரு வகைதான் ஆபத்தானது. ஓடும்போதோ, நீச்சல் அடிக்கும்போதோ, திடீரென்று அதிரும்போதோ பிள்ளை சுருண்டு விழும். கை, கால் வெட்டும். வலிப்பு என்று நினைத்து கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். உண்மையில் துடிப்பு கெட்டு, மூளைக்கு ரத்தம் போகாமல்தான் விழுந்திருக்கும். இது பரம்பரையாகவும் வரும்.

அதனால் விளையாடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, எழுந்து சிரித்தாலும் விட்டுடாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுங்கள். சில நிமிஷ வேலைதான். குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

விழுந்த பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் தாமதிக்காமல் 108-க்கு போன் போடுங்கள். வண்டி வரும்வரை நடு நெஞ்சில் விடாமல் வேகமாக அழுத்துங்கள். அந்த நிமிஷங்கள்தான் உயிர்.